பதினாலு தடவை கேட்டது

— மூணு நாளா இந்தக் குளிர் ரூம்லயே உக்காந்திருக்கியேண்ணா, நீயும் ஒரு சர்வர் ஆயிட்டியா? வீட்டுக்கு வா.

— இதை மட்டும் மாத்திட்டு வரேன் பாப்பா. பார்த்து, அந்த வயரை மிதிச்சுடாதே.

— அப்படி என்ன மாத்துறே?

— எந்தப் பாகம் கெட்டாலும் மெஷின் தானாவே அதை அணைச்சுட்டு, மிச்சத்தை வச்சு ஓடணும். அந்த விதியைப் போடுறேன்.

— இத்தனை நாளா அது இல்லையா?

— இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். போன வருஷம் நல்லா இருந்த மெமரியைப் போய் கெட்டுப்போச்சுன்னு அணைச்சுடுச்சு. எனக்கு வந்துச்சே கோபம்! 'என்னைக் கேக்காம எதையும் அணைக்கக் கூடாது'ன்னு மாத்தி வச்சேன். பெரிய இவன் மாதிரி.

— சரி, விடு.

— எப்படி விடறது? அன்னைக்கு மத்தியானம் நிஜமாவே ஒரு மெமரி கெட்டுச்சு. அணைக்கட்டுமான்னு என் போனுக்குக் கேட்டுச்சு. ஒரு தடவை இல்ல, பதினாலு தடவை. நான் பதில் சொல்லலை, அது அப்படியே நின்னுடுச்சு. இது நின்னா ஊர்ல எந்த ஆம்புலன்ஸுக்கும் தகவல் போகாது பாப்பா.

— தெரியும். நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். வண்டி அனுப்ப முடியலைன்னுதான் சொன்னாங்க. அம்மா தலை என் மடியில இருந்துச்சு.

— நான் பக்கத்து ரூம்ல குறட்டை விட்டுட்டு இருந்தேன். நீ வந்து உலுக்கி, அம்மாவைத் தூக்கிட்டு ஓடி... அம்மா போய், எல்லாம் முடிஞ்சப்புறம், ஆஸ்பத்திரியில நீ போனைக் கையில குடுத்தப்போதான் பார்த்தேன். பதினாலு! தலைமாட்டுலயே கத்தியிருக்கு. பெத்தவளைவிட தூக்கம் பெருசாப் போச்சு எனக்கு.

— ரெண்டு நாள் விடாம வேலை பார்த்துட்டு வந்து படுத்தவன் நீ.

— சாக்கு சொல்லாதே. இது ஓடுதான்னு பார்த்துட்டு, ராஜினாமாக் கடிதத்தைக் குடுத்துட்டு வரேன். இனிமே எதுவும் என்னை நம்பி நிக்கக் கூடாது.

— அண்ணா... போன் கத்தவே இல்ல.

— என்ன சொல்றே?

— சைலன்ட்ல கிடந்துச்சு. உன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நான்தான் மறுபடி சத்தம் வர்ற மாதிரி மாத்தி வச்சேன். இது என்னோட போகட்டும்னு நினைச்சேன். நீ இப்படி உருகுறதைப் பார்க்க முடியலை.

— சைலன்ட்ல நீயா போட்டே?

— அம்மா. நீ கண் அசந்ததும் மெதுவா உள்ளே வந்தாங்க. 'பாவம், பிள்ளை ரெண்டு நாளாத் தூங்கலை, என்ன ஆனாலும் எழுப்பாதே'ன்னு சொல்லிட்டு, அவங்க கையாலதான் போட்டாங்க.