ஞாயிற்றுக்கிழமைப் பெரியப்பா

சாரதாமணி: ...மணி என்னன்னு பாரு. மொதல்ல அதைச் சொல்லு.

நாகஜோதி: ஏழேகாலு, வார்டனக்கா.

சாரதாமணி: ஆஸ்டல் கேட்டு எத்தனை மணிக்குச் சாத்தறது?

நாகஜோதி: ஆறுக்கு.

சாரதாமணி: தெரிஞ்சுமா இப்படி நிக்கறே? தலையக் குனியக்கூடத் தோணல?

நாகஜோதி: குனிஞ்சா மணி திரும்பிருமாக்கா?

சாரதாமணி: இந்த வாயிதான் உனக்கு எமன். ஆபீஸ் ரூமுக்குள்ள வா. கதவைச் சாத்து. நூத்தி இருவது புள்ளைக இருக்கற எடம், ஒருத்தி காதுல உழுந்தா விடியறதுக்குள்ள கம்பெனி பூராவும் பரவிப்போயிரும்.

நாகஜோதி: பரவட்டுமே. நான் என்ன களவாண்டேனா?

சாரதாமணி: ஆறரைக்கு மேனேஜர் போன் பண்ணினாரு. சமையக்கார ராமாயி எடுத்துப்போட்டா. "நாகஜோதிய இன்னும் காணோமுங்க"ன்னு ஒளறி வெச்சிருக்கறா. காலையில பத்து மணிக்கு நேர்லயே வர்றாராம். வந்தா என்ன ஆகும், தெரியுமல்ல?

நாகஜோதி: எங்கய்யாவுக்குப் போன் போடுவாரு. என்னையப் பொட்டியக் கட்டச் சொல்லுவாரு.

சாரதாமணி: உன்னோட போச்சா? அத்தனை பேருக்கும் ஞாயித்துக்கெழம வெளிய போறதையே நிறுத்திப்போடுவாரு.

நாகஜோதி: ...அது அநியாயம்க்கா. நான் லேட்டா வந்ததுக்கு அவளுக என்ன செஞ்சாளுக?

சாரதாமணி: அப்ப உக்காரு. கேக்கறதுக்கு ஒண்ணு விடாம பதில் சொல்லு. காலையில உன்னையக் கூட்டிட்டுப் போனாரே, அவரு யாரு?

நாகஜோதி: எங்க பெரியப்பா, பெருமாள்சாமி. ஆஸ்டல்ல சேரும்போது எழுதிக் குடுத்த பாரத்துல பேரு இருக்குல்ல.

சாரதாமணி: இருக்குது. பாரத்துல பேரு இருக்கற சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டாத்தான் புள்ளைகள வெளிய உடறது, அது ரூலு. எல்லாஞ் செரி. பெருமாள்சாமி கழுத்துல எதுக்கு கண்ணு சிலுவை தொங்குது?

நாகஜோதி: அது... வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டாக.

சாரதாமணி: சட்டைப் பையில அந்தோணியார் படம்? அதுவும் நேந்துக்கிட்டதா?

நாகஜோதி: ...காலையிலயே பாத்துட்டீகளா? அப்ப ஏன் விட்டீக?

சாரதாமணி: கேள்வி நான் கேக்கறேன். ஆரு அவரு?

நாகஜோதி: பெரியப்பா இல்ல. அந்தோணிராஜ் அண்ணே. எங்க கமுதிப் பக்கத்துக்காரக. நான்தான் ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு கெஞ்சினேன். அவுகள ஒண்ணுஞ் சொல்லாதீக. எம்பேர மட்டும் சொல்லுங்க.

சாரதாமணி: எங்க இருக்கறாரு அந்தாளு?

நாகஜோதி: எங்கயா? நம்ம கேட்டுக்கு நேர் எதுக்க வண்டி போட்டுச் சோளக்கருது சுட்டு விக்கிறாகள்ல, அவுகதான். மூணு வருசமா அங்கனதான் நிக்கிறாக. உங்களுக்குத் தெரியாதா?

சாரதாமணி: ...நான் எதுக்கு அவரைத் தெரிஞ்சுக்கோணும்? சோளமா திங்கறேன்? எங்க போனீங்க, அதைச் சொல்லு.

நாகஜோதி: போனீங்க இல்ல, போனேன். அவுக என்னைய பஸ்ஸு ஏத்தி விட்டுட்டு யாவாரத்துக்குத் திரும்பிட்டாக.

சாரதாமணி: தனியாவா? முருகா...

நாகஜோதி: திருப்பூரு வந்து ஏழு மாசமாச்சுக்கா. ஆஸ்டலு, வேனு, கம்பெனி, திரும்ப வேனு, ஆஸ்டலு. "திருப்பூரு எப்படித்தா இருக்கு"ன்னு எங்காத்தா போன்ல கேக்குது. என்னத்தச் சொல்ல? வேன் சன்னல்ல துணி கட்டியிருக்கு, அது பச்சைக் கலருன்னா?

சாரதாமணி: எந்த பஸ்ஸு? டிக்கெட்டு வெச்சிருக்கறயா?

நாகஜோதி: இந்தா இருக்கு. அது எதுக்கு?

சாரதாமணி: குடு இங்க. எங்க எறங்கினே?

நாகஜோதி: பழைய பஸ் ஸ்டாண்டு. போற வழியெல்லாம் கம்பெனி வாசல்ல போர்டு தொங்குதுக்கா. டெய்லர் தேவை, செக்கிங்குக்கு ஆள் தேவைன்னு. எண்ணிக்கிட்டே போனேன். பதினேழு! "இங்கயிருந்து போனா உனக்கு எவன் வேலை குடுப்பான்"னு நம்ம மேனேசரு மெரட்டுறாரே, பதினேழு பேரு குடுப்பான்.

சாரதாமணி: மெதுவாப் பேசு. அப்பறம்?

நாகஜோதி: டீக்கடைக்குப் போனேன்.

சாரதாமணி: பொம்பளப்புள்ள, தனியா, டீக்கடைக்கு!

நாகஜோதி: ஏன், ஆம்பளைக்கு மட்டுந்தான் தொண்டை காயுதா? அங்கன பூரா, திருப்பூரு தனி மாவட்டமாகப் போகுதுன்னு ஒரே பேச்சு. டீ ஆத்துறவரு ஒரிசாக்காரரு. ஆனா பேச்சைக் கேக்கணுமே... "வாங்க அக்கா, உக்காருங்க, சக்கரை பத்துமுங்களா"ன்னு அப்படியே உங்களாட்டம் பேசுறாரு. நான் ஒரு வார்த்தை பேசினதும், "நீங்க தெக்கத்திங்களா"ன்னு என்னைய வெளியூர்க்காரி ஆக்கிட்டாரு.

சாரதாமணி: அது செரி! அவரு உள்ளூரு, நீ அசலூரு.

நாகஜோதி: சிரிக்கிறீகளாக்கா?

சாரதாமணி: ஆரு சிரிச்சா? அப்பறம் எங்க போனே?

நாகஜோதி: காதர்பேட்டை. கழிவுத் துணியெல்லாம் அங்க குமிச்சுப் போட்டு விக்கிறாக. ஒரு கடையில ஒரு பனியனக் கையில எடுத்தேன். பாத்தா... நம்ம கம்பெனிப் பீஸு! போன மாசம் நான் ஓட்டைன்னு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கினது. ஸ்டிக்கரக் கிழிச்சுப்புட்டு நல்ல பீஸுன்னு விக்கிறாரு கடைக்காரரு.

சாரதாமணி: பாத்துட்டு நீ பேசாம வந்திருக்கோணுமே.

நாகஜோதி: எப்படிக்கா வர? ஆப்பிரிக்காவுல இருந்து வந்த யாவாரி ஒருத்தரு, ஆறடிக்கு மேல இருப்பாரு, அதைத்தான் கட்டுக் கட்டாப் போடச் சொல்றாரு. "அண்ணா, கொஞ்சம் கொறைங்க"ன்னு தமிழ்லயே பேரம். எனக்கு மனசு கேக்கல. போயி அக்குள் தையல விரிச்சுக் காமிச்சேன், "இங்க ஓட்டை, இங்கயும் ஓட்டை"ன்னு. "நீ யாரு"ன்னு கடைக்காரரு குதிக்கிறாரு. "இதைச் செக்கிங் பண்ணினவளே நான்தான்"னேன்.

சாரதாமணி: அய்யோ! அந்த யாவாரி?

நாகஜோதி: கட்டப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்துட்டாரு. "சிஸ்டர், நீங்க பாத்துச் சொல்லுங்க"ன்னாரு. ஒவ்வொண்ணாப் பாத்தேன். நல்லது தனி, ஓட்டை தனி.

சாரதாமணி: அதுலதான் பொழுது போயிருச்சாக்கும்.

நாகஜோதி: போகல, நான்தான் போக விட்டேன். நாலரைக்கே கெளம்பியிருக்கலாம். எனக்கு அங்க நல்லா இருந்துச்சுக்கா. இந்த ஊருக்கு வந்து இன்னைக்குத்தான் ஒருத்தரு எங்கிட்ட "நீங்க சொல்லுங்க"ன்னு கேட்டாரு. அதை விட்டுட்டு ஓடிவரச் சொல்றீகளா?

சாரதாமணி: பஸ் ஸ்டாண்டுல இருந்து அந்தக் கடை நடக்கற தூரமா?

நாகஜோதி: நடக்கலாம். ரயில்வே ஸ்டேசனுக்குப் பக்கம். ...ஏங்க்கா, இது விசாரணையா, இல்ல கதை கேக்கிறீகளா?

சாரதாமணி: கடைக்காரரு எப்படி இருப்பாரு? வயசு?

நாகஜோதி: இதெல்லாம் ஒரு கேள்வியாக்கா! எழுதணுமா, எழுதிக்கோங்க. "பொய்க் கையெழுத்துப் போட வெச்சா, தனியாச் சுத்தினா, லேட்டா வந்தா"ன்னு. எல்லாம் நெசம். எங்கய்யாவே வந்து கூப்பிட்டாலும் நான் ஊருக்குப் போகப் போறதில்ல. இங்கதான் இருப்பேன். ஆனா மத்தப் புள்ளைகள அடைச்சாகன்னா, அம்புட்டுப் பேரும் கேட்டுல வந்து உக்காருவோம். மேனேசர்கிட்ட இதையும் சேத்துச் சொல்லுங்க.

சாரதாமணி: ரிஜிஸ்டர்ல அப்பவே எழுதியாச்சு. நீ வர்றதுக்கு முன்னாலயே.

நாகஜோதி: ...அப்பறம் எதுக்கு இம்புட்டு நேரம் என்னைய நோண்டுனீக?

சாரதாமணி: படிச்சுப் பாரு.

நாகஜோதி: "வெளியே சென்றவர், நாகஜோதி. உடன் சென்றவர்..." அக்கா! உங்க பேரு போட்டிருக்கு! காலையில அந்தோணிராஜ் அண்ணே கையெழுத்துப் போட்ட பக்கம் எங்க?

சாரதாமணி: அடுப்புல. வார்டனே கூட்டிட்டுப் போனா வேற கையெழுத்து வேண்டியதில்ல, அதுவும் ரூலுதான். போன் வந்தப்ப நான் மொட்டமாடியில நின்னு ரோட்டையே பாத்துட்டிருந்தேன். ராமாயி என்னையும் தேடிப்போட்டு, "வார்டனையும் காணோமுங்க"ன்னு சேத்துச் சொல்லிப்போட்டா. நல்லதாப் போச்சு. லேட்டானதுக்கு என்னைய வையட்டும், வாங்கிக்கறேன்.

நாகஜோதி: சும்மா வைய மாட்டாருக்கா, குடைவாரு. எந்த பஸ்ஸு, எந்தக் கடை, யாரைப் பாத்தீகன்னு... என்ன சொல்லுவீக?

சாரதாமணி: அதுக்குத்தான் கண்ணு உன்னைய ஒண்ணொண்ணாக் கேட்டேன். சென்னிமலையில இருந்து எங்கண்ணன் என்னைய இங்க கொண்டாந்து எறக்கி உட்டு நாலு வருசமாச்சு. பயந்துக்கிட்டு, இந்த ஊரை நான் இன்னும் பாத்ததே இல்ல.