காலியாக விட்ட கட்டம்

டீக்கடையில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் சர்க்கரை போட்டுத்தான் தருவார்கள். வேண்டாம் என்பவர்தான் வாயைத் திறக்க வேண்டும். என் வேலையும் ஏறக்குறைய அதுதான், ஐயா. யாரும் ஒன்றும் சொல்லாதபோது என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பேன்.

அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்களை ரகசியமாகக் குடிவைக்கும் அமைப்பு எங்களுடையது. யார் எங்கே இருக்கிறார் என்ற பட்டியல் எங்கள் கணினியில் இருந்தது. கணினி என்றால் மேசைமேல் இருப்பதல்ல. கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு, ஒரு படிவத்தை நிரப்பினால் புதிதாக ஒன்று கிடைக்கும். அந்தப் படிவத்தில் நெட்வொர்க் என்று ஒரு கட்டம் உண்டு. உள் நெட்வொர்க் என்றால் அலுவலகத்துக்கு மட்டும் தெரியும். வெளி நெட்வொர்க் என்றால் ஊருக்கே தெரியும். கட்டத்தைத் தொடாமல் விட்டால், நான் எதைக் குறித்து வைத்திருக்கிறேனோ அதுதான். ஆறு வருடமாக உள் நெட்வொர்க்கைத்தான் குறித்து வைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில் பட்டியலுக்குக் கடவுச்சொல்கூடப் போட்டதில்லை.

என்னோடு வேலை பார்த்தவளை எல்லோரும் மின்னல் என்பார்கள். நான் ஒரு மணி நேரம் உட்காரும் படிவத்தை அவள் ஐந்து நிமிடத்தில் முடிப்பாள். பாதிக் கட்டங்களைப் பார்க்கவே மாட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு கூட்டத்தில் மேலாளர், "நீங்க எல்லாத்தையும் ஜவ்வா இழுக்கறீங்க சார், மின்னலைப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீடு போய்ச் சேரும்வரை காது சுட்டது.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரே ஒருமுறை காட்டினால் போதும் என்று நினைத்தேன். அவள் நல்லதுக்கும்தான். திங்கட்கிழமை வெளி நெட்வொர்க்கைக் குறித்து வைத்தேன். புதன்கிழமை அவள் பட்டியலைப் புதுக் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தாள். அன்றைக்குப் பார்த்து அந்தக் கட்டத்தில் அவள் கை நின்றது.

"அண்ணா, நெட்வொர்க் எப்பவும் போலத்தானே? ஒண்ணும் மாத்த வேணாமே?"

"வேணாம்மா, அப்படியே விடு."

வெள்ளிக்கிழமை பத்து மணிக் கூட்டத்தில் பட்டியல் வெளியே திறந்து கிடப்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டு, அங்கேயே மூடிவிடுவதாக இருந்தேன். ஒன்றரை நாளில் என்ன ஆகிவிடப் போகிறது.

ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடிவைத்திருந்த பெண் ஒரு தையல்காரர். அவர் முகவரியைப் பதிந்தவன் நான்தான். "சார், இது என் வீட்டுக்காரர் கண்ணுல படாதுல்ல?" என்று இரண்டு முறை கேட்டார். "எங்களைத் தாண்டி ஒரு ஈ போகாதும்மா" என்றேன்.

மனைவியின் பெயரை இணையத்தில் தேடிக்கொண்டே இருந்த அந்த மனிதருக்கு எங்கள் பட்டியல் அகப்பட்டது. வெள்ளி காலை எட்டரைக்குக் கதவைத் தட்டினார். தண்ணீர் கேன் வந்திருக்கிறது என்று நினைத்து அந்த அம்மா திறந்திருக்கிறார். ஏழு வயது மகள் பீரோவுக்குள் ஒளிந்திருந்தாள். அம்மா இறந்துவிட்டார் என்று அவளிடம் சொல்ல மதியம்வரை யாருக்கும் வாய் வரவில்லை.

"நான்தான் சரியா பாக்கல" என்று எழுதிக் கொடுத்துவிட்டு மின்னல் வேலையை விட்டுப் போனாள். என்னிடம் கேட்டதை அதில் எழுதவில்லை. அண்ணாவை எதற்கு இழுக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். அதுதான் என்னைத் தின்கிறது; அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். வியாழன் மதியம் இரண்டு மணிக்கு, பட்டியலை யார் திறந்தார்கள் என்று காட்டும் பதிவுகளைப் பார்த்தேன். வெளியிலிருந்து யாரோ ஒருவர் அந்தத் தையல்காரரின் பக்கத்தை மட்டும் பதினோரு முறை திறந்திருந்தார். அந்த அம்மாவை வேறு இடத்துக்கு மாற்ற ஒரு போன் போதும். பதினெட்டு மணி நேரம் கையில் இருந்தது. கூட்டத்தில் காட்ட நல்ல ஆதாரம் என்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போனேன்.