காகத்துக்கு வைத்த சோறு

லண்டனில் காகத்துக்குச் சோறு வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எத்தனை தரம் "கா, கா" என்று கூப்பிட்டாலும் காகம் வராது, புறாதான் வரும். என் கணவர் பத்மநாதனுக்கு ஏழரைச் சனி தொடங்கியதிலிருந்து நான் சனிக்கிழமை விரதம் பிடித்து, எங்கள் லூயிஷாம் பிளாட்டின் பல்கனி விளிம்பில் ஓர் எள்ளுச்சோற்று உருண்டை வைத்துவருகிறேன். அவருடைய ஆயுளுக்காகத்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் நல்ல மனிதர். குடி இல்லை, சிகரெட் இல்லை. பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்தே தலை நரைத்தவர். பென்ஷன் எடுத்ததும் ஒரு கமரா வாங்கினார். எதிரே இருக்கும் தேவாலயக் கோபுரத்தில் ஒரு சோடி வல்லூறு குடியிருந்தது. இங்கே பெரிகிரின் என்பார்கள். பறக்கிற புறாவை வானத்திலேயே அடித்துப் பிடிக்கும். விடிந்ததும் அவர் பல்கனியில் முக்காலியை நிறுத்தி, கை நீளத்துக்கு ஒரு லென்ஸைப் பூட்டி, பொழுதுபடும்வரை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தேத்தண்ணி ஆறிப்போகும்.

ஒருநாள் அவர் போனில் யாருக்கோ சொல்வது காதில் விழுந்தது. "சுவர்ணா இண்டைக்கு நல்ல வடிவா நிண்டவள். அவளைப் பாத்துக்கொண்டு நிண்டால் எனக்குப் பசியே தெரியாது."

இரண்டு நாள் அழுது, மூன்றாம் நாள் சண்டை பிடித்தபிறகுதான் சுவர்ணா என்பது அந்தப் பெண் வல்லூறு என்று தெரிந்தது. காலும் கண்ணைச் சுற்றிய வளையமும் பொன்னிறமாம், அதனால் அந்தப் பெயராம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மனுசியாக இருந்திருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்டிருக்கலாம். பறவையோடு யார் போய்ப் பேசுவது?

ஹோலில் மாட்டியிருந்த எங்கள் கலியாணப் படத்தைக் கழற்றி, அந்த இடத்தில் அவளுடைய படத்தைப் பெரிதாக்கி மாட்டினார். "நடையிலயும் வெளிச்சம் இருக்குத்தானே, தவம்" என்று எங்களை அங்கே கொண்டுபோய் மாட்டினார். தைப்பொங்கலன்று புதுச்சேலை உடுத்திக்கொண்டு, என்னையும் ஒரு படம் எடுங்கோ என்று கேட்டேன். "அசையாமல் நில்லும்" என்றார். நின்றேன். கோபுரத்தில் ஏதோ செட்டை அடித்தது. கமரா அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் அசையாமலே நின்றேன். எனக்குப் பொறாமை. பேரப்பிள்ளை கண்ட வயதில் ஒரு பறவைமேல் பொறாமை. சிரிப்பதென்றால் சிரியுங்கள்.

ஊருக்குப் போய்வந்தபோது என் பெட்டியில் மிளகாய்த்தூளோடு, வெங்காயத் தோட்டத்துக்குப் போடும் பூச்சிமருந்தும் கொஞ்சம் வந்தது. குசினி எறும்புக்கு என்றுதான் கொண்டுவந்தேன். அப்போது வேறு எண்ணம் இருந்ததாக ஞாபகமில்லை. தள்ளாடுகிற புறாவைத்தான் வல்லூறு முதலில் அடிக்கும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். எங்கள் சாப்பாட்டு மேசையில் வேறு கதையே இருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமையும் தலைமுழுகினேன். விரதம் பிழைக்கக்கூடாது என்று நல்ல சோற்றைச் சாமிக்குப் படைத்துவிட்டு, மற்றதைத்தான் விளிம்பில் வைத்தேன்.

மத்தியானத்துக்கு முன்பே அவள் கீழே கார் நிறுத்துமிடத்தில் விழுந்து துடித்தாள். அவர் செருப்பும் போடாமல் ஓடினார். நான் மேலே நின்று பார்த்தேன். அவள் நகத்தில் கிழிந்துகிடந்த புறாவை வெறுங்கையால் பிய்த்து எறிந்தார். அவள் வாயிலிருந்து வழிந்ததை விரலால் துடைத்தார். பிறகு அவளை மடியில் கிடத்தி, நெற்றியில் கொஞ்சினார். முப்பத்துநாலு வருடத்தில் என் நெற்றியில் அவர் வாய் பட்டதில்லை.

மேலே வந்து கதிரையில் விழுந்தார். "போயிட்டாள், தவம். என்ரை கையிலதான் சீவன் போனது."

"காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை. சாப்பிடுங்கோ" என்றேன்.

சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டேன். எங்கள் வீட்டில் கரண்டி பிடிக்கும் பழக்கமில்லை. கை கழுவாமல் யாராவது சோற்றுக் கோப்பையில் கை வைத்தால், பெற்ற மகளாயிருந்தாலும் எழுப்பிவிடுகிறவள் நான். அன்றும் அந்தச் சொல் வாய்வரை வந்தது. அவர் விரல்களில் அவளுடைய ஈரம் இன்னும் காயவில்லை. அதைக் கழுவ மனமில்லாமல்தான் அப்படியே வந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. பேசாமல் குழம்பை விட்டேன். அவர் அழுது அழுது குழைத்துச் சாப்பிட்டார். விரலையும் சூப்பினார்.

ஆஸ்பத்திரியில், என்ன சாப்பிட்டவர் என்று டொக்டர் கேட்டார். சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. வேறு ஏதும் தெரியுமா என்றும் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். செத்த பறவையை யாரோ எடுத்துப்போய் வெட்டிப் பார்த்திருக்காவிட்டால் நீங்களும் இன்றைக்கு என் முன்னால் இருந்திருக்க மாட்டீர்கள்.

பறவையைக் கொன்றது நான்தான். அதற்கு இந்த நாட்டில் என்ன தண்டனையோ, தாருங்கள். அவரைக் கொன்றேன் என்று மட்டும் எழுதவேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஜன்னல் திறந்துதான் கிடந்தது, அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடைசிவரை என்னையேதான் கண்வெட்டாமல் பார்த்தார். நேர்ஸ் வந்து இமையை மூடப் போனபோது, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் விடுங்கோ என்று சொன்னேன்.