செவ்வாயில் செத்த தவசிப்பிள்ளை

பகவதியப்பன்: செத்தாச்சா வே?

செல்வதாஸ்: செத்தாச்சு வாத்தியாரே. அச்சடிச்சு, மடிச்சு, தைச்சு, காலத்த மொத பஸ்ஸுல ஏத்தியும் விட்டாச்சு. இனி யாரு நெனச்சாலும் பொழைக்க வைக்க முடியாது.

பகவதியப்பன்: ஒரு புஸ்தகம் எடும். கண்ணால பாக்கணும்.

செல்வதாஸ்: எங்க இருக்கு? ஒரு கெட்டு குழித்துறைக்கு, ஒரு கெட்டு தோவாளைக்கு. மிச்சத்த கோட்டாத்துக் கடைக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்.

பகவதியப்பன்: எழுதினவனுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கத் தோணல்ல. ஒரு பிரஸ் மொதலாளிக்க லெச்சணம்!

செல்வதாஸ்: கதைதான் ஒமக்குத் தெரியுமே... பொறவு எதுக்கு? இரும். மோரு குடிக்கீரா?

பகவதியப்பன்: மோரு கெடக்கட்டு. ஒமக்கு ஏன் வே இப்படி வேர்க்குது?

செல்வதாஸ்: மிசினு பக்கத்துல நின்னா வேர்க்காம...

பகவதியப்பன்: எனக்குத் தெரியும். நம்ம கதையில வாற தவசிப்பிள்ள தாணு செத்ததுல ஒமக்கு சங்கடம். ஒம்ம வீட்டு அடுப்ப எரிய வச்சவன்லா அவன்.

செல்வதாஸ்: எனக்க அடுப்பு மட்டுமா எரிஞ்சு? ஒமக்கு பேரு வாங்கித் தந்தது யாரு?

பகவதியப்பன்: பேரா? வடசேரி சந்தையில ஒருத்தன் எனக்க முதுகுக்குப் பின்னால 'தவசிப்பிள்ள சார் போறாரு'ன்னு சொல்லுகான். நான் பந்திக்குச் சோறு வடிக்கவனா வே? செவ்வாய் கெரகத்தப் பத்தி தமிழ்ல நாலு பேருக்குச் சொல்லணும்னு வெள்ளக்காரன் புஸ்தகத்த வரவழைச்சுப் படிச்சவன்!

செல்வதாஸ்: படிச்சீரு. ஆரு இல்லேன்னா? ராணியம்மா சின்ன ராஜாவுக்குப் பதிலா ரீஜண்டாட்டு ஆண்டப்ப மொத புஸ்தகம் போட்டோம். 'புரொபசர் மார்த்தாண்டரின் செவ்வாய் யாத்திரை'. விமானம் வட்டக்கோட்டை மதில்லருந்து கெளம்பணும். கெளம்புகதுக்கு முன்ன புரொபசர் ஒரு பிரசங்கம் செஞ்சாரு பாரும்... எங்க போதகரு கூட அவ்வளவு நேரம் செய்ய மாட்டாரு.

பகவதியப்பன்: அது அறிவு வே.

செல்வதாஸ்: அறிவுதான். மூணு புஸ்தகம் வரைக்கும் அறிவா வந்துட்டே இருந்து. விமானம் அங்கயே நின்னுட்டும் இருந்து.

பகவதியப்பன்: ஒமக்கு இது எளக்காரம். நீருதான வே எல்லாத்துக்கும் காரணம்? தாணுவ எழுத வச்சது யாரு?

செல்வதாஸ்: நானா? ஒரு தாள மடிச்சா பதினாறு பக்கம் வரும். ஒம்ம புரொபசர் பதினாலாவதுல மூச்சு வாங்க நிறுத்திட்டாரு. ரெண்டு பக்கம் வெள்ளையாட்டு கெடந்து. 'வல்லதும் எழுதி ரொப்பும் வாத்தியாரே'ன்னு சொன்னேன். தவசிப்பிள்ளைய எழுதும்னா சொன்னேன்? நீருதான் இந்தா, இந்த ஸ்டூல்ல இருந்து, விமானத்துல சமையலுக்கு ஒருத்தன் வேணுமேன்னு...

பகவதியப்பன்: வெறுந்தாள மூடுகதுக்கு வே! கல்யாண வீட்டுல சமைக்க ஒருத்தன கூப்பிட்டு ரெண்டே ரெண்டு பக்கத்துல நிறுத்தினேன். சவம், எனக்க விமானத்தையே ஓட்டிட்டுப் போயிட்டான்.

செல்வதாஸ்: அதுக்கு வந்த கடுதாசிய நெனச்சுப் பாரும். தாணு என்ன கொழம்பு வச்சான், தாணு செவ்வாயில தேங்காய்க்கு என்ன செஞ்சான்... ஒரு பயலாவது புரொபசர் சொகமாட்டு இருக்காரான்னு கேட்டானா?

பகவதியப்பன்: அங்க கனம் கொறவுன்னு புரொபசர் ஒரு அத்தியாயம் பூரா வெளக்கினாரு. ஒருத்தனும் படிக்கல்ல. இவன் 'எம்மாடி, இங்க எத்தன எல சோறு தின்னாலும் வயிறு கனக்கலியே'ன்னு ஒத்த வரி சொன்னான். ஊரு பூரா அதையே சொல்லிச் சிரிக்கி!

செல்வதாஸ்: ரெண்டு பேரும் சொன்ன விசயம் ஒண்ணுதான வாத்தியாரே?

பகவதியப்பன்: அதுல்லா வே எனக்கு எரிச்சல்!

செல்வதாஸ்: பொறவு ஆளுவ கேட்டதுனால தாணுவுக்குத் தனியாட்டு புஸ்தகம் போட்டோம். 'செவ்வாயில் தவசிப்பிள்ளை'. ஒம்ம சம்மதத்தோடத்தான். அட்டையில புரொபசர் பேரும் பெரிசாட்டு இருந்து...

பகவதியப்பன்: மொதல்ல இருந்து. ரெண்டாவதுல தாணுவுக்குக் கீழ போச்சு. நாலாவதுல பின்னட்டைக்குப் போச்சு. தலைவலி மருந்து வெளம்பரத்துக்குப் பக்கத்துல!

செல்வதாஸ்: பொருத்தமான எடந்தான்.

பகவதியப்பன்: என்னது?

செல்வதாஸ்: ஒண்ணுமில்ல... எடம் அங்கதான் இருந்துன்னு சொன்னேன். குழித்துறையில ஒருத்தன் கள்ளத் தாணு போட்டான்லா? நீரு கேசு போடணும்னு குதிச்சீரு. ஆனா ஒரு காரியம் யோசிச்சீரா? கள்ளப் புரொபசர் போட ஒருத்தனும் முன்ன வரல்ல.

பகவதியப்பன்: சிரியும் வே, நல்லா சிரியும். ஒரு நா வீட்டுக்கு சீரகம் வாங்கிட்டு வந்தேன். பொதிய பிரிச்சா உள்ள 'அன்பர்களே, சற்றே விண்ணை நோக்குங்கள்'னு இருக்கு. எனக்க புரொபசர் வே! கோட்டாத்துல சீரகம் பொதியுகான் அவர வச்சு. நீருதான தாள நிறுத்து வித்தது?

செல்வதாஸ்: கரையான் தின்னுகதுக்கு சீரகம் மேலு இல்லியா?

பகவதியப்பன்: அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். தாணு சாகணும். அதுவும் அவன் கிண்டுகிற பாயசத்துலயே விழுந்து சாகணும்.

செல்வதாஸ்: நல்ல முடிவுதான்... ஆனா செவ்வாயில கனம் கொறவுன்னு நீருதான சொன்னீரு? பாயசம் கிண்டுக வார்ப்புல விழுந்தா மெதக்க மாட்டானா?

பகவதியப்பன்: பாயசம் குறுகினதாக்கும். மெதக்காது.

செல்வதாஸ்: சரி, சரி. ஒமக்கு அவனப் பாத்து இவ்வளவு பொறாமை ஏன் வாத்தியாரே? ரெண்டு பேரும் ஒம்ம பிள்ளையதான?

பகவதியப்பன்: பிள்ளையா? இல்ல வே. தாணு பிள்ளைன்னு வச்சுக்கிடும். புரொபசர்... அவரு நானாக்கும்.

செல்வதாஸ்: என்ன சொல்லுகீரு?

பகவதியப்பன்: நான் திருவனந்தபுரத்துல பி.ஏ. படிக்கப் போனவன். பாதியில அப்பா கண்ண மூடிட்டாரு. திரும்பி வந்து இந்த ஊருல பயலுவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கேன். கிளாசுல பேசினா பயலுவ மணி எப்ப அடிக்கும்னு பாக்கானுவ. வாசகசாலையில வாயத் தொறந்தா 'வாத்தியாரே, சுருக்கமாட்டு'ன்னு சொல்லுகானுவ. மார்த்தாண்டர் நான் ஆகியிருக்க வேண்டிய ஆளு வே. அவரு பேசினா யாரும் குறுக்க பேசாம கேக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். தாணு ஒழிஞ்சா அடுத்த மாசம் அவரு தனியா நின்னு பேசுவாரு.

செல்வதாஸ்: எனக்கு... இது தெரியாது வாத்தியாரே. தெரிஞ்சிருந்தா...

பகவதியப்பன்: ஒமக்கு எப்படித் தெரியும்? எனக்க ஓமனாவுக்குத் தெரியும். வீட்டுல எழுதினத வாசிச்சுக் காட்டினா ஒரு வார்த்த பேச மாட்டா. எத்தன நேரமானாலும் அப்படியே இருந்து கேப்பா. பொண்டாட்டின்னா அப்படி அமையணும்.

செல்வதாஸ்: கர்த்தாவே...

பகவதியப்பன்: எதுக்கு இப்போ கர்த்தர கூப்பிடுகீரு?

தங்கப்பன்: அண்ணாச்சி... பகவதியப்பன் சார் இங்க உண்டுமா?

செல்வதாஸ்: தங்கப்பா! கல்யாண சமையல் இல்லியா ஒனக்கு? இங்க என்ன சோலி? போ, பொறவு வா.

பகவதியப்பன்: நம்ம வடசேரி தவசிப்பிள்ள தங்கப்பன்லா? நிக்கட்டு வே. வா தங்கப்பா. தாணுவப் போல நீயும் ஒரு தவசிப்பிள்ள. ஒனக்க இனத்தான் போனதுக்கு அழ வந்தியாக்கும்.

தங்கப்பன்: அழவா? இல்ல சார். பாயசம் என்ன வேணும்னு கேக்க வந்தேன்.

பகவதியப்பன்: எதுக்குப் பாயசம்?

தங்கப்பன்: புஸ்தகத்துல செத்தாருல்லா சார், கோட்டாத்துக் கடையில வாங்கி வாசிச்சேன்... அதுக்கு உள்ள சாப்பாடாக்கும்.

செல்வதாஸ்: தங்கப்பா, நீ போய் ஒரு சாயா குடிச்சிட்டு...

பகவதியப்பன்: நில்லு லே! புஸ்தகத்துல செத்தவனுக்கு அடியந்திரமா, கருமாதிச் சோறா? கேட்டீரா வே செல்வதாஸு? மெட்ராஸ்ல இருக்க எந்த எழுத்துக்காரனுக்காவது இது நடந்திருக்கா? சிரிப்பு சிரிப்புன்னு சொன்னீரே, சாவுக்கு உள்ள மதிப்பு சிரிப்புக்கு உண்டுமா?

செல்வதாஸ்: இல்ல... இல்ல.

பகவதியப்பன்: 'செத்தாரு'ன்னு சொல்லுகான் பாரும். நேத்து வர அவன் இவன்னு சொன்ன ஊரு, செத்த ஒடனே மரியாத வந்துட்டு. எங்க வே வைக்காவ சாப்பாடு? தோவாளையிலயா? பூ கெட்டுக ஆளுவதான் தாணுன்னா உசிர விடுவானுவ.

தங்கப்பன்: அது சார்...

செல்வதாஸ்: எங்க வச்சா என்ன? சோறு சோறுதான.

பகவதியப்பன்: அதுவும் சரிதான். தங்கப்பா, நானும் வாறேன்னு சொல்லு. எனக்கு அவன் மேல தீராத பகை ஒண்ணும் கெடையாது. மொதப் பந்தியில எனக்கு எல போடு.

தங்கப்பன்: சார் இல்லாம பந்தி எப்படி?

பகவதியப்பன்: பாத்தீரா! எரிசேரி உண்டும்லா? செத்த ஆளுக்கு எரிசேரின்னா உசிரு.

தங்கப்பன்: அவருக்கா? எரிசேரி ஆகாதே சார். வாயுத் தொந்தரவு உள்ள ஆளுல்லா. வயித்தத் தடவிக்கிட்டே சந்திரனப் பத்திப் பேசினாரே...

பகவதியப்பன்: கிறுக்கா, வயித்தத் தடவினது புரொபசர் லே.

தங்கப்பன்: ஆமா சார். அவருதான செத்தாரு.

செல்வதாஸ்: வாத்தியாரே, அந்த மோரு...

பகவதியப்பன்: தாணுதான லே பாயசத்துல விழுந்தான்?

தங்கப்பன்: தாணு எதுக்கு சார் விழுகான்? பொறந்ததுலருந்து வார்ப்புப் பக்கத்துல நிக்கவன். புரொபசர்தான் பக்கத்துல வந்து, பாயசம் ஏன் பொங்குகுன்னு வெளக்கினாரு. வெளக்கிக்கிட்டே பின்னால பின்னால போனாரு. 'ஏமானே, நில்லும், நில்லும்'னு தாணு கத்துகான். அவரு திரும்பியே பாக்கல்ல. 'குறுக்கே பேசாதே'ன்னாரு. அதாக்கும் கடசி வார்த்த.

பகவதியப்பன்: செல்வதாஸு... நீரு மனுசனா வே? கொன்னுட்டீரே. விக்காதவரு, சீரகம் பொதிஞ்சவரு, எல்லாம் சரி... அதுக்கு எனக்குன்னு உள்ள ஒரே ஆள கொல்லுவீரா?

செல்வதாஸ்: நான் எழுத்துக் கோக்கவன் வாத்தியாரே. தாள்ல இருந்ததத்தான் கோத்தேன்.

பகவதியப்பன்: தாள்ல நான் தாணுன்னு எழுதினேன்!

செல்வதாஸ்: ஒம்ம வீட்டுலருந்து கெளம்புனப்ப அப்படி இருந்திருக்கும். இங்க வந்து சேந்தப்ப அப்படி இல்ல. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வாறாருன்னு நீரு வரல்லியே. ஆருகிட்ட கொடுத்து விட்டீரு?

பகவதியப்பன்: ஓமனாகிட்ட...

செல்வதாஸ்: கடசிப் பக்கங்க எல்லாம் வேற கையெழுத்து. 'புஸ்தகம் பஸ்ஸு ஏறுகது வரைக்கும் வாயத் தொறக்கப்பிடாது அண்ணாச்சி'ன்னு, வேதபுஸ்தகத்துல கைய வச்சு என்னச் சத்தியம் பண்ண வச்சா. நான் என்ன செய்யட்டு?

பகவதியப்பன்: பொய்யி. அவ ஒருத்திதான் வே புரொபசர் பேசினதப் பூராவும் இருந்து கேட்டவ!

தங்கப்பன்: கோவப்படாதியும் சார். சாப்பாடு சொன்னதும் அந்த அம்மாதான். ஒங்க வீட்டுலதான் அடுப்பு மூட்டியிருக்கேன்.

பகவதியப்பன்: கொன்னதும் அவ... அடியந்திரம் வைக்கதும் அவளா?

தங்கப்பன்: நானும் அடியந்திரமான்னுதான் கேட்டேன் சார். அதுக்கு அம்மா, 'செத்தவருக்கு ஒண்ணும் வேண்டாம் தங்கப்பா. நான் கெட்டி வந்த நாள் தொட்டு அந்தப் புரொபசர்தான் இந்த வீட்டுல இருந்து பேசிட்டே இருந்தாரு. இன்னைக்காக்கும் என்னக் கெட்டின மனுசன் மொத மொதல்ல வீட்டுக்கு வாறாரு. அவருக்கு எந்தப் பாயசம் பிடிக்கும்னு எனக்குத் தெரியாது, நீ போய் கேட்டுட்டு வா'ன்னு சொன்னாவ...