மேற்குக் கோல்கம்பம்

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் நின்றவர்கள் பத்தொன்பது பேர். விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் கம்பியைப் பிடித்திருந்தபோது, பக்கத்து இருக்கையில் ஒருவர், அருகில் சன்னலோரம் இருந்த அம்மாவிடம் சொன்னார்:

"செத்தவரு வந்து நிக்க முடியாதுங்கக்கா. நீங்கதான் நிக்கணும்."

ஊர்க்காரர்களே பங்கு போட்டு நடத்தும் ஃபுட்பால் கிளப்புக்கு அவர் செயலாளர் என்று பேச்சில் தெரிந்தது. அந்த அம்மாவின் கணவர், போன மாதம் இறந்தவர், அதில் பங்குதாரர். கிளப்பை ஒரு கம்பெனிக்குக் கொடுப்பதா என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. கொடுக்கலாம் என்பவர்கள் மைதானத்தின் கிழக்குக் கோல்கம்பத்தில் நிற்பார்கள், வேண்டாமென்பவர்கள் மேற்கில்.

"குடுத்தா என்ன ஆகும் தம்பி?"

"லைட்டு வரும், புல்லு வரும். ஆடுறது வெளியாளுகதான், நம்ம பயலுக இல்ல."

"குடுக்கலைன்னா?"

"இந்த வருசத்தோட நின்னாலும் நின்னுரும்."

"நீங்க எங்கிட்டு நிக்கிறீங்க?"

"கிழக்கதான். வேற வழி தெரியலக்கா."



"அவரு கோலு காத்த கையுறை இன்னும் கொடியிலதான் கெடக்கு. நம்ம பயலுகள்ல ஒருத்தன் போடட்டும். நான் மேற்க நிக்கிறேன்."

"மேற்க ஆளு ரொம்பக் கம்மிக்கா. தனியா நிப்பீங்க."

"கோல்கீப்பரு பக்கத்துல என்னைக்குத் தம்பி ஆளு நின்னுச்சு?"