ஆறாம் மாடிக் கதவு

லிஃப்டில் ஏறுகிறவர்கள் யாரும் தரையைப் பார்ப்பதில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், கவனித்துப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் மேலே ஓடும் எண்ணைப் பார்ப்பார்கள், பாதிப் பேர் போனைப் பார்ப்பார்கள். கதவைத் திறந்தால் உள்ளே பெட்டி இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் எங்கள் தொழில்.

இன்ஸ்பெக்டர் சார், என் பெயர் மாசானம், லிஃப்ட் மெக்கானிக். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். மராத்தி பேசுவேன், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்கிறவர் எதையும் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாரிசெல்வம் இறந்ததற்காக, என்னோடு வேலை பார்க்கும் இஜாஸை ஆறு நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். சர்வீஸ் அட்டையில் அவன் கையெழுத்து இருக்கிறது என்பது காரணம். கையெழுத்து அவனுடையதுதான், அட்டை எழுதுவது எப்போதும் அவன் பொறுப்பு. வேலை அவனுடையது அல்ல.

முதலில் கதவைப் புரிந்துகொள்ள வேண்டும். மாரிசெல்வம் குடியிருந்த கட்டடத்தில் பெட்டி வந்து நின்றதும் உள்கதவு தானாக ஒதுங்கும். வெளிக்கதவை நாம் கையால் இழுக்க வேண்டும். வெளிக்கதவுக்கு இரண்டு காவல். ஒன்று கொக்கி. பெட்டி அந்த மாடியில் நின்றால்தான் கொக்கி விலகும், இல்லாவிட்டால் பயில்வான் வந்து இழுத்தாலும் கதவு அசையாது. இன்னொன்று மின்சாரக் காவல். எல்லா மாடியிலும் கதவு சரியாகச் சாத்தியிருந்தால்தான் பெட்டி நகரும். ஒன்று ஏமாந்தால் மற்றது பார்த்துக்கொள்ளும். இதை யோசித்துச் செய்தவன் மனிதர்களைத் துளியும் நம்பாதவன். எனக்கு அவனைப் பிடிக்கும்.

அடுத்து மாரிசெல்வத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அவனுடைய அமைப்பு இதைவிட எளிது.

பத்தாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சு. அவனுக்குப் படிப்பு சுமார், கபடி சுமார், பாட்டு சகிக்காது. இருந்தும் மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் அவன்தான் செல்லம். யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றைய பாடத்தை எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவான். பக்கத்துக்குப் பத்துப் பிழை இருக்கும். அதைத் திருத்திப் படித்தவர்கள்கூட அவனைத்தான் புகழ்ந்தார்கள்.

எங்கள் அம்மன் கோயிலில் திருநீறு வாங்கிக்கொண்டவர்கள் உடனே திரும்ப மாட்டார்கள். சாமிக்கு முதுகு காட்டாமல் நாலடி பின்னாலேயே நடந்து வந்து, பிறகுதான் திரும்புவார்கள். மாரிசெல்வம் அதை மனிதர்களிடம் செய்தான். டீச்சரிடம், பியூனிடம், கேட்டில் வடாபாவ் விற்பவரிடம். கும்பிட்டு, சிரித்து, பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து போவான்.

"என்னடா, ரிவர்ஸ் போட்ட டாக்சி மாதிரி போற?" என்று எங்கள் வகுப்பு உமாமகேஸ்வரி ஒருநாள் கேட்டாள்.

"சாமிக்கு மட்டுந்தான் முதுகக் காட்டக் கூடாதாக்கும்?" என்றான்.

வகுப்பே கை தட்டியது. அடுத்த அடியில் குப்பைத் தொட்டியில் இடித்து விழுந்தான். அதற்கும் கை தட்டினார்கள்.

அந்த வருடம் அறிவியல் கண்காட்சிக்கு நான் ஒரு லிஃப்ட் செய்தேன். வளையல் பெட்டி, நூல்கண்டு, எதிர் எடைக்கு ஈயக்குண்டு. நாற்பது நாள் வேலை. எதிர் எடை இல்லாவிட்டால் மோட்டார் ஏன் திணறும் என்று வந்தவர்களுக்கு விளக்கினேன். அவர்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். மாரிசெல்வம் வந்து தலைமையாசிரியரிடம், "சார், இதுல ஒங்கள ஏத்தி நேரா கமிஷனர் ஆபீசுக்கே அனுப்பிருவான் எங்க மாசானம்" என்றான். கூட்டம் கூடிவிட்டது. பரிசும் வந்தது. மேடையில் என்னை முன்னால் தள்ளி, "இவன்தான் செஞ்சான், எனக்கு ஒண்ணுந் தெரியாது" என்றான். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். திருடியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். என்னுடையதை எனக்கே தானம் செய்கிறவனை என்ன செய்வது?

வளர்ந்தும் அவன் மாறவில்லை. கூரியர் ஆபீசில் சின்ன வேலை. மீதி நேரமெல்லாம் அடுத்தவர்களுக்கு ரேஷன் கார்டு மனு எழுதுவான், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பான். ஒன்றையும் ஆழமாகத் தெரிந்துகொள்ளாமல் எல்லோருக்கும் உதவுவது ஒரு வசதி. அவன் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் வேலை எங்களுக்குக் கிடைத்ததே, "நம்ம மாசானம் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று குடியிருப்போர் கமிட்டியில் அவன் சொன்னதால்தான். என் இருபத்திரண்டு வருட அனுபவத்துக்காக அல்ல.

ஜூன் மாதம் கதவுகளின் மின்சாரக் காவல் எல்லாம் தேய்ந்துவிட்டது. லிஃப்ட் நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. பத்து நாள் மூடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று கமிட்டிக் கூட்டத்தில் படம் வரைந்து இருபது நிமிடம் விளக்கினேன். மாரிசெல்வம் எழுந்தான்.

"பத்து நாளா? எட்டாவது மாடி முப்பிடாதியம்மா வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் போவுது. அத நீயா தூக்கிட்டு எறங்குவ? எதாச்சும் ஜுகாட் பண்ணு மக்கா. ஒன்னால ஆவாததா?"

எல்லோரும் சிரித்தார்கள். இருபது நிமிடம் ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

எங்கள் தொழிலில் அந்த ஜுகாட்டுக்கு, அதாவது ஒப்பேற்றும் குறுக்குவழிக்கு, ஜம்பர் என்று பெயர். ஒரு துண்டு ஒயரால் மின்சாரக் காவலைத் தாண்டிவிடுவது. கதவு சாத்தியிருக்கிறதா என்று லிஃப்ட் இனிமேல் கேட்காது, ஓடும். கேவலமான வேலை. அதுவரை நான் செய்ததில்லை. அன்று செய்தேன். அவர்கள் கேட்டதைக் கொடுத்தேன்.

கொக்கியை யாரும் கேட்கவில்லை. அது என் முடிவு.

அவன் வீடு இருந்த ஆறாம் மாடிக் கதவில் மட்டும் கொக்கியின் ஸ்பிரிங்கைக் கழற்றினேன். சம்பவத்தன்று காலை ஒன்பதரை மணிக்கு. மற்ற வீட்டுக்காரர்கள் அகப்பட்டுக்கொள்ளாதபடி நானே அங்கே நின்றுகொண்டேன். கொக்கி இல்லாத கதவு கொஞ்சம் தளர்ந்து நிற்கும். மின்சாரக் காவல் உயிரோடு இருந்திருந்தால் பெட்டி நகரவே மறுத்திருக்கும். அந்தக் காவலை எடுக்கச் சொன்னவன் அவன்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஸ்பிரிங்கை இந்தக் காகிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

நான் ஏன் இப்போது வந்தேன் என்று கேட்பீர்கள். இஜாஸ் மேல் இரக்கம் என்று எழுத வேண்டாம். நேற்று மாட்டுங்காவில் ஒரு ஹாலில் எங்கள் பள்ளி செட் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஒரே பெஞ்சுக்காரன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். நிறையப் பேர் அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள். பிறகு உமாமகேஸ்வரி பேசினாள். இப்போது செம்பூரில் டீச்சராக இருக்கிறாள். "வேலை தெரியாத எவனோ ஒருத்தன் அரைகுறையா செஞ்சதுக்கு நம்ம செல்வம் போயிட்டான்" என்றாள். அரைகுறை என்ற சொல்லை அவள் இரண்டு முறை சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. அந்தக் கதவில் அரைகுறையாக ஒன்றும் இல்லை, சார். நினைத்தது நினைத்தபடி நடந்தது.

அன்று காலை பெட்டியை எட்டாம் மாடிக்கு அனுப்பி நிறுத்திவிட்டு நின்றேன். ஒன்பதே முக்காலுக்கு அவன் ஆபீசுக்குக் கிளம்பி வந்தான்.

"டீ குடிச்சியாலே?"

"ஆச்சு."

"எம் பொண்ணு லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு கேட்டா. நான் ஒளறிக் கொட்டிட்டேன். ஒருநா வந்து சொல்லிக் குடு. நீ சொன்னாத்தான் வெளங்கும்."

சரி என்றேன். லிஃப்ட் இப்போது நன்றாக ஓடுகிறது என்றும் சொன்னேன். "வாரேன் மக்கா" என்று கும்பிட்டான். என்னைப் பார்த்தபடியே கையைப் பின்னால் விட்டுக் கதவை இழுத்தான். காலைப் பின்னால் வைத்தான். நான் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை.

உடனே விழுந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாசல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். ஏழெட்டு வினாடி இருக்கும். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மாசானம், கிட்ட வராதடே, பொட்டி இல்ல, நீயும் விழுந்துருவ" என்று கத்தினான். சொன்னபடியே நான் போகவில்லை. பிறகு கை நழுவியது.

அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். சாகிற நேரத்திலும் நல்ல பேர் வாங்கப் பார்த்தான். கேட்பதற்கு அங்கே என்னைத் தவிர ஒருவரும் இல்லை என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை.