பன்னிரண்டாம் பக்கம்

“ஹலோ… ஆமா, நான்தான் பேசுறேன்… ஆமா சார், ஆமா, உங்க கேமரா சென்சார் மனு எங்கிட்டதான் இருக்கு… எங்க போகப் போகுது, மேசை மேலதான் கிடக்கு… இல்லையில்ல, சாப்பிட்டாச்சு, சொல்லுங்க… ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்… மணி ரெண்டு இருபது. ஆங், எழுதிட்டேன், இப்போ பேசலாம்… நீங்க கூப்பிட்ட நேரத்தைத்தான் எழுதினேன். மனுதாரர் தரப்பு கூப்பிட்டா என்ன பேசினோம்னு ஃபைல்ல போடணும்ல… உங்களுக்குத் தெரியாததா.”

மனுதாரரின் வக்கீல் சாப்பாட்டைப் பற்றி விசாரித்ததுமே பரிசோதகர் உஷாராகிவிட்டார். ஒன்பது வருடப் பழக்கம். காரியம் சின்னதாக இருந்தால் அந்த மனிதர் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார். சாப்பாடு, உடம்பு, பிள்ளைகள் படிப்பு என்று சுற்றினால் காரியம் பெரியது.

பெரியதுதான். காப்புரிமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், பரிசோதகரின் மேசையில் கிடந்த அந்த மனு, கேமரா சென்சாரில் பிக்சல்களைப் புது விதமாக அமைத்திருப்பதாகச் சொன்னது. இருபது வருடத்துக்கு வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது என்று உரிமை கேட்டது. புதிதாக இருந்தால் மட்டும் உரிமை கிடைத்துவிடாது. அந்தத் துறையில் வேலை தெரிந்த எவருக்கும் சுலபமாகத் தோன்றியிருக்கக்கூடிய விஷயமா என்று பார்க்க வேண்டும். தோன்றியிருக்கும் என்றால் உரிமை கிடையாது. அதைச் சொல்வதுதான் பரிசோதகரின் வேலை. விசாரணை அடுத்த வாரம்.

“…அட, உங்களுக்கா புரியல? ஒன்பது வருஷமா கேமரா மனுவா போட்டுத் தள்ளுறீங்க… சரி சரி, சட்டம் மட்டும்தான் தெரியும், ஒத்துக்குறேன். சொல்றேன், கேளுங்க. ஜன்னலுக்கு முன்னாடி யாரையாவது நிக்க வச்சு போட்டோ எடுத்திருக்கீங்களா?… ஆமா, மூஞ்சி தெரிஞ்சா ஜன்னல் வெள்ளையா வெளுத்துடும். ஜன்னல் தெரிஞ்சா மூஞ்சி கரிக்கட்டை… அதேதான், அதேதான். ஏன் அப்படி? ஒவ்வொரு பிக்சலையும் ஒரு குட்டி வாளின்னு வைங்க. வெளிச்சம் விழ விழ வாளி நிறையுது. எவ்வளவு நிறைஞ்சுதுன்னு அளந்தா அதுதான் படத்துல ஒரு புள்ளி. ஜன்னல் வெளிச்சத்துக்கு வாளி தாங்கல, வழிஞ்சுடுது. வழிஞ்சதை யாரு அளக்குறது? போனது போனதுதான். அந்த இடம் வெள்ளை.”

விளக்க ஆரம்பித்துவிட்டால் பரிசோதகருக்குக் குரலில் ஒரு உற்சாகம் வந்துவிடும். எதிரில் இருப்பவர் யார் என்பதுகூட மறந்துவிடும். வலது கையில் இருந்த பேனா காற்றில் வாளி போட்டுக்கொண்டிருந்தது.

“…அதுக்குத்தான் நான் போன கடிதத்துல காட்டின கட்டுரை. பழசு, பத்து வருஷம் இருக்கும். வாளி பக்கத்துல ஒரு சின்னத் தொட்டி. வழியுறது தொட்டியில விழும். ரெண்டையும் சேர்த்து அளந்தா மூஞ்சியும் தெரியும், ஜன்னலும் தெரியும்… அழகுதான், யாரு இல்லேன்னா? ஆனா வாளிக்கு ஒரு தொட்டின்னு வச்சா இடம் எங்க இருக்கு? அதை அவங்களே அந்தக் கட்டுரையில புலம்பியிருக்காங்க. உங்க ஆளு என்ன சொல்றாரு, நாலு வாளிக்கு ஒரே தொட்டி… ஆமா, அதுதான் உங்க முதல் கோரிக்கை… ஆமா, ஆமா, நாலு தண்ணியும் கலந்துடும்னு பயந்து யாரும் அந்தப் பக்கம் போகல, உங்க ஆளுதான் துணிஞ்சு போனாருன்னு பதில் போட்டிருந்தீங்க. படிச்சேன்.”

இங்கே பரிசோதகர் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பதிலுக்குப் பதில் அவரிடம் இருந்தது. ஆனால் அது இன்னும் மேசை இழுப்பறைக்குள் வரைவாகத்தான் இருந்தது. அனுப்பாத கடிதத்தைப் பற்றி வெளியாளிடம் பேசக்கூடாது.

“ம்… ம்… சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்… என்ன?… இல்ல, என்ன சொன்னீங்க இப்போ?… ஒரே நிறக் கண்ணாடியா?… எந்தப் பொதுக் குழாய்?… இருங்க, இருங்க, எந்தக் கட்டுரை சார்? நான்தான் உங்களுக்கு ஒரே ஒரு கட்டுரை காட்டியிருக்கேனே?”

பேனா நின்றது.

பரிசோதகர் கண்டுபிடித்து வைத்திருந்த இரண்டாவது கட்டுரை அது. அதில் தொட்டி கிடையாது. ஆனால் நான்கு வாளிக்கு ஒரே குழாய் வைத்து இடத்தை மிச்சப்படுத்தியிருந்தார்கள். நான்கு பிக்சலுக்கும் மேலே ஒரே நிறக் கண்ணாடி. அதனால் நான்கும் கலந்தாலும் நிறம் கெடாது. தொட்டிக் கட்டுரையையும் குழாய்க் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மனுதாரரின் கண்டுபிடிப்பு தானாகவே கிடைத்துவிடும். இதைத்தான் வரைவில் எழுதியிருந்தார். அனுப்பாத கடிதத்துக்கு இந்த மனிதர் இப்போதே மறுப்பு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வரைவை இந்த உலகத்தில் இரண்டே பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர் பரிசோதகர். இன்னொருவர் பக்கத்து அறை ரப்பர்.

எதை எழுதினாலும் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிற தோழிக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. பதினோரு வருடமாக ஒருவர் வரைவை ஒருவர் படித்துத் திருத்துவது வழக்கம். இரண்டு அறைகளுக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். அதில் ஒரு திரை உண்டு. அதை யாரும் இதுவரை இறக்கியதில்லை. இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரப்பரும் கைபேசியில்தான் பேசிக்கொண்டிருந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய தங்கை புருஷனுக்குப் போன மாதம்தான் வேலை கிடைத்தது. இதே மனுதாரர் கம்பெனியில்.

பரிசோதகர் எழுந்து போய்த் திரையை இறக்கினார்.

“இல்ல சார், சத்தம் ஒண்ணும் இல்ல, திரையை இறக்கினேன்… சொல்லுங்க. நிறக் கண்ணாடின்னீங்களே, அது அந்தக் கட்டுரையில எங்க வருது?… பன்னிரண்டாம் பக்கம். ஓஹோ. படத்தோட… படம் போட்டு, அம்புக்குறி போட்டு. சட்டம் மட்டும்தான் தெரியும்னு இப்பதானே சொன்னீங்க?… கோபமா? எனக்கென்ன கோபம்… அக்கான்னு எல்லாம் வேண்டாம், மேடம்னே கூப்பிடுங்க… யாரு சொன்னா உங்களுக்கு?… அதெப்படி சார் பொதுவா தெரியும்? பொதுவா எனக்கு எங்க வீட்டு கேஸ் சிலிண்டர் எப்போ தீரும்னே தெரியல… சிரிக்காதீங்க. எங்க ஆபீஸ்ல யாராவது உங்ககிட்ட பேசினாங்களா?… சத்தியம் எல்லாம் வேண்டாம். எங்க ஆளுங்களோட சொந்தக்காரங்க உங்க கட்சிக்காரர்கிட்ட வேலை பாக்குறாங்களா, இல்லையா?… வண்டிப் பிரிவுல ஒருத்தர்… ஆமா, வண்டி அனுப்புறவருக்கும் பிக்சலுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் கேக்கத் தெரியும். பேப்பரை எடுத்துட்டு வர்றதுக்கு பிக்சல் தெரிஞ்சிருக்கணுமா என்ன?… நான் யாரையும் சொல்லல. நீங்க பதறுறதைத்தான் பாக்குறேன்.”

பதறியது பரிசோதகரும்தான். புகார் எழுதினால் மேலிடம் விசாரிக்கும். விசாரணை முடிவதற்குள்ளேயே ரப்பரின் நாற்காலி காலியாகிவிடும். எழுதாவிட்டால், நாளைக்குக் காலையில் அவள் முகத்தைப் பார்த்து அடுத்த வரைவைக் கொடுக்க முடியாது. திரையின் இடுக்கில் ரப்பரின் ஒரு தோள் மட்டும் குலுங்கியது. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“லைன்லயே இருங்க. வச்சுடாதீங்க… ஒரு பேப்பர் எடுக்கணும்.”

இழுப்பறையைத் திறந்து வரைவை எடுத்தார். ஓரமெல்லாம் ரப்பரின் பென்சில். இந்த வாக்கியம் நீளம், இங்கே கால்புள்ளி, இந்தச் சொல் எதற்கு. இரண்டாவது கட்டுரை வருகிற பத்தியில் விரலை வைத்தார். பன்னிரண்டு என்றுதான் இருக்கும் என்று நினைத்தார்.

பதினான்கு என்று இருந்தது.

பரிசோதகர் கட்டுரையை எடுத்துப் புரட்டினார். பதினான்காம் பக்கத்தில் ஆசிரியர்கள் யார் யாருக்கோ நன்றி சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கம் பின்னால் போனார். பன்னிரண்டில் நான்கு சதுரம், அதன்மேல் ஒரே நிறக் கண்ணாடி, அம்புக்குறி. தப்பு அவருடையது. தட்டும்போது விரல் தவறியிருக்கிறது. கால்புள்ளியைக்கூட விடாத ரப்பர் அந்த எண்ணைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

இந்த வரைவு வக்கீல் கைக்குப் போயிருந்தால் அவர் பதினான்கு என்றுதான் சொல்லியிருப்பார். இல்லை, பதினான்கைப் புரட்டி, அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு, அதை வைத்தே ஆட்டம் போட்டிருப்பார். முற்றுப்புள்ளி விட்டுப்போனதற்கு இரண்டு பக்கம் மறுப்பு எழுதுகிற மனிதர். பன்னிரண்டு என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், கட்டுரையையே கையில் வைத்துப் படித்திருக்க வேண்டும்.

பரிசோதகர் காதோரம் சூடேறிப்போய் இறக்கிய திரையைப் பார்த்தார். அடுத்த கணமே வேறொன்று உறைத்தது. மெல்ல உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

“ஹலோ… இருக்கீங்களா?… சார், முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். எங்க ஆபீஸ்லேர்ந்து உங்களுக்கு ஒண்ணும் வரல. இப்போ எனக்கு உறுதியா தெரியும். நான் கேட்டது தப்பு… எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, எனக்கே வெக்கமா இருக்கு… பரவாயில்ல, பரவாயில்ல. அப்போ அந்தக் கட்டுரை உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?… கம்பெனி இன்ஜினியரா… கண்டுபிடிச்சவரா?… அவர் இல்லையா, வேற குழுவா… ம்… பெரிய அனுபவசாலியோ?… ரெண்டு வருஷம்தான் ஆச்சா. சரி… அவர் கண்டுபிடிச்சவரோட வரைபடத்தைப் பார்த்துட்டுத்தானே சொல்லியிருப்பாரு?… பார்க்கலையா? ஓ, காட்டவே மாட்டாங்களா… இடம் பத்தலன்னு மட்டும் சொன்னாங்க, அவரே ரெண்டு கட்டுரையையும் எடுத்துட்டு வந்து, நாலுக்கு ஒரே தொட்டி போதும்னாரு. ம்… எத்தனை நாள் ஆச்சு அதுக்கு?… டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ளயா! கெட்டிக்காரர்தான்… இல்ல, மெய்யாத்தான் சொல்றேன். இது எப்போ, நான் போன கடிதம் அனுப்பினப்புறமா?… மனு போடுறதுக்கே முன்னாடியா?… எழுத்துல இருக்கா?… தேதி போட்டு. நல்லது, நல்லது.”

வக்கீலின் குரல் நன்றாக இளகியிருந்தது. திருட்டுப் பழியிலிருந்து தப்பித்த நிம்மதியில், கேட்டதற்கு மேலேயே சொல்லிக்கொண்டு போனார். பரிசோதகரும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டே போனார்.

“சார், எப்பவும் நீங்க எங்கிட்ட ஒண்ணு சொல்வீங்களே. செஞ்சு முடிச்சதைப் பார்த்துட்டு ‘இது சுலபம்’னு சொல்றது பின்புத்தின்னு… ஆமா, போன பதில்லகூட எழுதியிருந்தீங்க. நியாயமான பேச்சு, நானும் ஒத்துக்குவேன். நான் உங்க மனுவைப் படிச்சுட்டுத்தான் அந்தக் கட்டுரையைத் தேடினேன். எனக்குப் பின்புத்தியா இருக்கலாம். மூணு நாளா அதை யோசிச்சுத்தான் கடிதத்தை அனுப்பாம வச்சிருந்தேன்… ஆமா. ஆனா உங்க இன்ஜினியருக்கு எப்படி சார் பின்புத்தி வரும்? அவர்தான் வரைபடத்தையே பார்க்கலையே. மனு போடுறதுக்கு முன்னாடி, ரெண்டு வருஷ அனுபவத்துல, ஒரு டீ குடிக்கிற நேரத்துல அவருக்குத் தோணியிருக்கு… ஹலோ?… இருக்கீங்களா?”

நாற்காலி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது.

“…நான் ஒண்ணும் வலை விரிக்கல. நீங்களா சொன்னீங்க… உதாரணத்துக்குச் சொன்னீங்களா? தேதி போட்டு ஃபைல்ல இருக்குன்னீங்களே, உதாரணத்துக்கு யாராவது தேதி போடுவாங்களா?… சார், சார், கொஞ்சம் கேளுங்க. மொத்தமும் போகல. உங்க ஏழாவது கோரிக்கையைப் படிச்சீங்களா?… படிச்சுப் பாருங்க. அதுல வேற வேற நிறத்து ரெண்டு வாளி. ஒண்ணு வழியுற நேரத்துல இன்னொண்ணுக்கு மூடி. மாத்தி மாத்தி. ஒரே தொட்டிதான், ஆனா ஒரு சொட்டு கலக்காது. அதை எந்தக் கட்டுரையிலயும் நான் பார்க்கல… ஆமா, நல்லாத் தேடிட்டேன். அந்த இன்ஜினியரைக் கூப்பிட்டு, ‘இதுவும் அன்னைக்கு உனக்குத் தோணுச்சா’ன்னு கேளுங்க. முழிச்சாருன்னா விசாரணைக்கு வாங்க, பேசலாம்… முதல் கோரிக்கையா? அதைக் கட்டி இழுக்காதீங்க… அது முடியாது சார்… எதை அழிக்கணும்?… ஐயோ, நான் பேனாவால எழுதுறவ. மணி ரெண்டு இருபதுலேர்ந்து எல்லாம் வரிசையா இருக்கு, வேணும்னா ஒரு தடவை வாசிக்கிறேன். சரியா இருக்கான்னு சொல்லுங்க… ‘மனு போடுவதற்கு முன்பே, வரைபடத்தைப் பார்க்காத ஒரு பொறியாளர்…’ ஹலோ?… ஹலோ? சார்?…”

வைத்துவிட்டார்.

பரிசோதகர் தாளின் அடியில் மணி ரெண்டு ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கோடு போட்டார். பிறகு எழுந்து போய்த் திரையின் கயிற்றை இழுத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூக்கு இடிக்கும் தூரத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரப்பர் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பரிசோதகர் சட்டென்று வரைவைக் கண்ணாடியில் ஒட்ட வைத்து, பதினான்குக்குக் கீழே விரலை வைத்து, கட்டுரையின் பன்னிரண்டாம் பக்கத்தையும் பக்கத்தில் பிடித்தார். ரப்பர் குனிந்து பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

பிறகு நிமிர்ந்து, திரையைக் காட்டி, ஏன் என்பது போலக் கையை விரித்தாள்.

எதையும் வாளி வைத்து விளக்கிவிடுகிற பரிசோதகருக்கு இதற்கு ஒரு வாளியும் கிடைக்கவில்லை. அவள் அறையின் தெருப்பக்கத்து ஜன்னலைக் காட்டி, கண் கூசுவது போல நெற்றியில் கையை வைத்துக் காட்டினார். ரப்பர் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே காலையிலிருந்தே ஒரே மப்பு.